பாதிப் பின்னல்

...நாலு மணிக்குக் கையெழுத்து என்றாளே அபொசேடே, நாலு என்றால் நாலேதானா, இல்லை சீஃப் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருகிற நாலா, கேட்டிருக்கலாம், எங்கே கேட்கத் தோன்றியது, தலை இரண்டு பேர் கையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வாய் மட்டும் எப்படித் தன்னிஷ்டத்துக்குப் பேசும். காலை ஒன்பது மணிக்கே இந்தப் பின்னல் கடைக்கு வந்தும், தலை கழுவி, முறை வரக் காத்திருந்து, பன்னிரண்டரைக்குத்தான் நாற்காலி கிடைத்தது. ரிஸிகத்தும் போசேயும் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்துப் பின்னி இடது பக்கத்தை முடித்துவிட்டார்கள், வலது பக்கம் சீவி விட்டபடி முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது, கண்ணாடியில் பார்த்தால் ஒரே கழுத்தில் இரண்டு பொம்பளைகள். எதிர்ச் சுவர் கடிகாரமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் தெரிகிறது, இடவலம் மாறி, பத்தாகப் பத்து நிமிஷம், அப்படியென்றால் இரண்டு பத்து. அபொசேடே மில் முதலாளி சீஃபின் டைப்பிஸ்ட். சற்று முன் போனில் குசுகுசுவென்றுதான் சொன்னாள். "மேடம், நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம். பொது மேலாளர் பதவிக் கடிதத்த அடிகுன் பேருக்கு அடிக்கச் சொல்லிட்டாரு. உங்க வீட்டுக்காரர் காலையில போன் பண்ணி நீங்க வேணாம்னுட்டதா சொன்னாராம். நிஜமா மேடம்? நிஜமாவே வேணாம்னுட்டீங்களா?" அடிகுன்! ஈர மாவு எது, காய்ந்த மாவு எது என்று விரலில் தேய்த்துப் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மோரேனிகேதான். அந்த மாவு மில்லில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம், கண்ணை மூடிக்கொண்டு உருளைச் சத்தத்தை வைத்தே எந்த மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று சொல்வாள், மில் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை, இப்போது உட்காரலாம் என்று சீஃபே வீடு தேடி வந்து சொன்ன பிறகு, வேணாம்னுட்டீங்களா என்று ஒரு டைப்பிஸ்ட் கேட்கிறாள். அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். வேறு என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது. சீஃப் ஒலாவோயே போதிஜாவில் இருக்கிற இவர்கள் வீட்டுக்கு, கோலாக் கொட்டையும் கையுமாக, பெண் கேட்க வருகிற மாதிரி வந்தார். அதுதானே முறை, ஆபீசில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், புருஷனைத் தாண்டிப் பொம்பளையிடம் என்ன பேச்சு என்று ஊர் பேசும். "அடேடோட்டுன், உன் வீட்டம்மாவை எங்க மில்லுக்குக் கேட்டு வந்திருக்கேன், குடுப்பியா?" என்று அவர் கேட்க, அவள் புருஷன், தெனி அப்பா, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவள் குளிர்ந்த மால்ட் பானப் பாட்டிலைத் தட்டில் வைத்துக்கொண்டு இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட்டாள், கல்யாணமான நாளிலிருந்து பெரியவர் யார் வந்தாலும் அப்படித்தான், அதில் ஒன்றும் குறைச்சலாக அவளுக்குத் தோன்றியதில்லை. "நீ என்னம்மா சொல்றே?" என்றார் சீஃப். என்ன சொன்னாள்? "என் புருஷன் வார்த்தைதான் என் வார்த்தை, சீஃப்." ஐயோ, அது ஒரு பேச்சு! விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி ஒரு பேச்சு, நல்ல குடும்பத்துப் பெண் என்று காட்ட அவள் அம்மா சொன்னது, அண்ணிகள் சொல்வது. சொல்லும்போதே உள்ளே சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது, உதட்டோரச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை, அதுகூடவா ஒருத்தருக்கும் தெரியவில்லை? யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றோம் என்று தெனி அப்பா சொன்னார். அதற்குப் பிறகு மூன்று ராத்திரி அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கேட்பார் கேட்பார் என்று இவளும் வாயைத் திறக்கவில்லை.

பின்னும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்ட போர்வைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அவருக்குப் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார், பின்னால் கொட்டுச் சத்தம், அவர் தம்பி மகளுக்கு நாளைக்குக் கல்யாணம், பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "தெனி அப்பா, சீஃப்கிட்ட என்ன சொன்னீங்க?" கொட்டுச் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினார். "நீதானே சொன்னே என் வார்த்தைதான் உன் வார்த்தைன்னு? தெனிக்குப் பரீட்சை வருது, உனக்கு ரத்த அழுத்தம் வேற. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். வேணும்னு இருந்தா நீ சொல்லியிருப்பியே." கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள், அந்த மனுஷர் சாந்தமாகச் சொன்னார், காலையில் தன் கையாலேயே அவளுக்குச் சோளக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, போய்த் தலை பின்னிக்கிட்டு வா என்று கொண்டுவந்து இறக்கிவிட்ட அதே குரலில். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நிம்மதி. "அங்க பந்தல் வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டாள். பந்தலைப் பற்றிக் கேட்டாள்! வைத்த பிறகு தன்னையே அறையலாம் போலிருந்தது.

"யாரு, வீட்டுக்காரரா?" என்றாள் ரிஸிகத், சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு. "நாலு சேரும் ஒரு ஜெனரேட்டரும் வாங்கி இந்தக் கடைய வைக்கும்போது நான் எம்புருஷனக் கேட்டேன்னா நெனைக்கிறீங்க? கேட்டிருந்தா இன்னிக்கும் அந்தாளு சட்டைய தேய்ச்சிக்கிட்டு நின்னிருப்பேன்." போசே விடுவாளா, "அதான் அந்தாளு இப்ப வேற எவளையோ தேய்க்கச் சொல்லிட்டாரே" என்றாள், ரிஸிகத் ஈரத் துண்டை எடுத்து அவள் மேல் வீச, அந்த ஒரு நிமிஷம் மோரேனிகேயின் தலையை யாரும் பிடித்திருக்கவில்லை, கழுத்து லேசாகிப் போனது. எழுந்து போய்விடலாமா, இப்படியே, பாதித் தலையோடு, மில் இருபது நிமிஷத் தூரம்தான், காவல்காரன் முதல் எல்லாரும் பார்ப்பார்கள், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், இவளுக்கா மில்லைக் கொடுக்கப் பார்த்தோம் என்று சீஃபே நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். சரி, போனிலாவது? என் புருஷன் சொன்னது என் வார்த்தை இல்லை என்று சொல்ல வேண்டும், அப்படியென்றால் தெனி அப்பா பொய்யர், அந்தப் பொய்யரும் அதே சீஃபும் நாளைக்கு ஒரே மேடையில் உட்காருவார்கள், கல்யாண வரவேற்புக்குத் தலைமையே சீஃப்தான். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே ஊதாத் துணியில் வரிசையாக நிற்க, அந்த வரிசையில் இவளும். துணி எல்லாருக்கும் ஒன்று என்பதற்காக, புருஷன் முகத்தில் கரி பூசியவள் எவள் என்று கண்டுபிடிக்க முடியாதா? போதாததற்கு, பெரியவர்களிடம் போனில் பேசினால்கூட அவள் முழங்கால் தானாகத் தரைக்குப் போய்விடும். "அம்மா, அவருக்கு என்ன தெரியவா போகுது?" என்று தெனி விழுந்து விழுந்து சிரிப்பாள். மண்டியிட்டுக்கொண்டு எதை மறுத்துப் பேசுவது, அங்கிருந்து சரி, ஆகட்டும், நன்றி என்றுதானே இத்தனை வருஷம் பேசியிருக்கிறாள்.

கண்ணாடிக்குள் எட்டேகால், அதாவது மூணே முக்கால். எப்போது ஆனது? வலது பக்கமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இன்னும் பத்துப் பின்னல் இருக்கும். "அம்மா, நுனிய எங்க வெட்டட்டும், தோளோடயா, இடுப்பு வரைக்கும் விடவா?" என்று கேட்டாள் ரிஸிகத். "உங்க இஷ்டம்மா" என்றது வாய். அவளைக் கேட்காமலேயே சொன்னது, இனிப்பாக, செவ்வாய்க்கிழமைக் குரலில். அடிப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், தோளோடு வேண்டும் என்றுதானே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாய், மிஷின் பக்கம் நீள முடியோடு போக முடியாது என்று அடிகுனுக்கே பாடம் எடுத்தவள் நீ! தெனி அப்பா பொய் சொல்லவில்லையோ, தான் இல்லாத இடத்தில் தன் வாய் எத்தனை பேருக்கு எத்தனை விஷயத்தை விட்டுக் கொடுத்திருக்கிறதோ, மில்லில், வீட்டில், அண்ணிகளுக்கு நடுவே... "தோளோட" என்றாள். "என்னம்மா?" "தோளோட வெட்டுங்கன்னேன்." ரிஸிகத் கண்ணாடியில் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அதுக்கு ஏன்மா கண்ணுல தண்ணி, தோளோடன்னா தோளோட" என்று கத்தரியைத் தேடினாள்.

போர்வைக்கு அடியில் விரல் சீஃபின் எண்ணை அழுத்திவிட்டிருந்தது. மணி அடிக்கிறது, ஒன்று, இரண்டு, எடுக்காமல் இருக்கக் கூடாதா, மூன்று, எடுத்துவிடுங்களேன் சீஃப், நான் வைப்பதற்குள் எடுத்துவிடுங்களேன். "யாரு, தெனி அம்மாவா? சொல்லும்மா மகளே, கைல பேனாவோட உட்கார்ந்திருக்கேன்." அந்தக் கனத்த குரல் காதில் விழுந்ததும் இரண்டு முழங்காலும் முன்னால் சரிந்தன, நாற்காலி விளிம்பிலிருந்து கீழே, தரையை நோக்கி, அவள் நினைக்கவே இல்லை, ஆனால் ரிஸிகத் கையில் நாலு பின்னலும் போசே கையில் ரெண்டு பின்னலும் இருந்ததால் தலை மட்டும் வரவில்லை. உச்சியில் சுரீரென்று வலித்தது. "எங்கம்மா போறீங்க, ஆடாதீங்க!" என்று ரெண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பாதி நாற்காலியில், பாதி காற்றில், முழங்கால் தரைக்கு ஒரு சாண் மேலே, கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். இவ்வளவு வருஷத்தில் இந்த இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. "ஹலோ? என்னம்மா ஆச்சு?" என்கிறார் சீஃப், பேனா மேஜையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. நாற்காலிக் கையைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க சீஃப்," என்றாள், "உட்கார்ந்துக்கறேன்."