உப்புப் பக்கம்

அன்று மதியம் யார்க் நகரத்து மாடி அறையில் இருந்தவர்கள்: எனிட் ராம்ஸ்டன், அவளோடு ஒரே மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்த ஜெரால்ட் பிக்கரிங், வக்கீல் டிங்கிள். டீ ஆறிப்போயிருந்தது.

லத்தீன் சொற்கள், அவற்றின் பொருள், அவற்றிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள். இதுதான் எனிட்டின் அகராதி. எழுதியது அவள், சரிபார்த்தது ஜெரால்ட். அச்சுக்குப் போகும் நேரத்தில் வேறொரு பதிப்பகம் அதே மாதிரி ஒன்றை வெளியிட்டுவிட்டது. திருட்டை நிரூபிக்காவிட்டால் அவள் புத்தகம் வெளிவராது.

அகராதிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இல்லாத சொல் ஒன்றைப் பொறியாகப் புத்தகத்தில் ஒளித்து வைப்பார்கள். திருடுகிறவன் அதையும் சேர்த்தே திருடுவான். லத்தீனில் சால் என்றால் உப்பு. சாலட், சாலரி, சாஸ், சாசேஜ் எல்லாம் அதன் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் எனிட் நுழைத்த பொய்ப்பிள்ளை சாலுக்குலா: உப்பு ஒட்டிய விரல்நுனி.

"தேடிப் பாத்துட்டேன் மேடம். உங்க பொய்ச்சொல் அவங்க புத்தகத்துல இல்ல. வழக்கு நிக்காது," என்றார் டிங்கிள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் ஜெரால்ட். "ஒரே லத்தீன், ஒரே உப்பு. யார் எழுதினாலும் இப்படித்தான் வரும். விட்டுத்தள்ளு எனிட்."

எனிட் அந்தப் புத்தகத்தை இழுத்து உப்புப் பக்கத்தைப் பார்த்தாள். சாலட்டுக்கு முன்னால் சாசேஜ் நின்றது. ஆங்கில எழுத்து வரிசைப்படி தப்பு: எல் முன்னால், யூ பின்னால் வரவேண்டும். காய்ச்சலோடு தட்டச்சு செய்த நாளில் அவளே செய்த தப்பு.

"என் தப்பு இருக்கு, என் பொறி இல்ல," என்றாள். "பொறி எங்கன்னு தெரிஞ்சவன்தான் தாண்டிப் போவான். தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒண்ணு நான்."

ஜெரால்ட் சிரிக்கப் பார்த்தான். "காய்ச்சல் இன்னும் விடலையா உனக்கு?"

"சாசேஜ ஏன் திருத்தல? சரிபாக்குறது உன் வேலைதான."

அவன் கோப்பையையே பார்த்தான். "அவங்க தலைமைப் பதிப்பாசிரியர் வேலை தரேன்னாங்க. இங்க சாகுறவரைக்கும் உன் காற்புள்ளியத்தான் எண்ணணும்."

"கேட்டிருந்தா உன் பேரையும் அட்டையில போட்டிருப்பேன்."

"போட்டிருக்க மாட்ட."

அது உண்மை. அதனால் வலி ஒன்றும் குறையவில்லை.

"இப்ப வழக்கு நிக்குமா, மிஸ்டர் டிங்கிள்?"

"காதால கேட்டேனே. நிக்கும்."

ஜெரால்ட் கோட்டை எடுத்தான். மேசையில் கிடந்த சிவப்புப் பென்சிலையும் எடுத்தான்.

"பென்சில வச்சிட்டுப் போ," என்றாள்.

வைத்துவிட்டுப் போனான். அவன் முதல் படியில் கால் வைக்கும் முன்பே எனிட் கதவைச் சாத்திப் பூட்டினாள்.