மந்து

பழைய வேட்டியின் கரையைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள் ஜலஜா. மாமனாரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அத்தை அழுது அழுது சுவரோடு சாய்ந்துவிட்டாள். நாத்தனார் ருக்மிணிக்குக் கையில் நாலு மாதக் குழந்தை. ஆக, இந்த வீட்டில் எல்லா வேலையும் போல இதுவும் ஜலஜா தலையில்தான் விழுந்தது.

விரல்கள் விறைத்துப்போயிருந்தன. முடிச்சைப் போட்டுவிட்டு அந்தக் காலை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷன். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி செகந்திராபாத் லாலாகுடாவுக்கு வந்த இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் அவளை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. நேற்று ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் காபிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். குண்டக்கல்லிலிருந்து அவர் தம்பி வந்து சேர மூன்று மணியாகும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அவள் மகன் நிகில் தாத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மாலையிலிருந்து இதழ்களைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஏழு வயது. 'தா' என்றால் தாத்தா, 'தண்ணி', 'அம்மா', இன்னும் நாலைந்து வார்த்தை. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கண் செருகி வெட்டி வெட்டி இழுக்கும். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை படம், எத்தனை ரத்தம்! யாரும் காரணம் சொல்லவில்லை.

"ஐயோ தண்டபாணி, என்ன விட்டுட்டுப் போயிட்டியேடா!"

வாசலில் செருப்பை உதறிவிட்டு நாராயணசாமி உள்ளே வந்தார். மாமனார் தண்டபாணியின் கூட்டாளி. ஒரு பூச்சி மருந்து கான்ட்ராக்டரிடம் இருவரும் இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். கோதுமைக் கிடங்கு, ஹோட்டல் சமையற்கட்டு, சினிமாத் தியேட்டர் நாற்காலி என்று செகந்திராபாத்தில் அவர்கள் மருந்து அடிக்காத சந்து கிடையாது. நண்பனின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா, எறும்பு வருதே. மாலைல ஏறிடுச்சின்னா மூஞ்சிக்குப் போயிடும். பாக்க சகிக்காது."

ஜன்னல் ஓரத்திலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. "மஞ்சத்தூள் போட்டுடறேன் மாமா," என்றாள் ஜலஜா.

"மஞ்சளுக்கெல்லாம் அடங்குமா? பம்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், இரு." அவர் எழுந்து, சொந்த வீட்டில் நடப்பதுபோல் பின்கட்டுக்குப் போய், கைப்பம்பையும் அரை பாட்டில் மருந்தையும் எடுத்துவந்தார். வாளித் தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்தது. அந்த வாடை! இந்த வீட்டுக்கே உரிய வாடை என்றுதான் ஜலஜா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் நாராயணசாமி பெருமையாகச் சொன்னார். "தண்டபாணி மந்து கொட்டினான்னா மூணு மாசத்துக்கு ஒரு பூச்சி தலகாட்டாது. ஹவ், நெசமாத்தான், அப்படி ஒரு கை. இந்த சிட்டில அவன மாதிரி மந்து கொட்டறவன் இனிமே பொறந்துதான் வரணும்."

ஜலஜாவின் கையிலிருந்த மஞ்சள் டப்பா நழுவித் தரையில் கொட்டியது.

மந்து கொட்டறதா? பூச்சி மருந்து அடிக்கறதுக்கும் அதே வார்த்தையா?

ஐந்து வருஷத்துக்கு முன்பு. நிகிலுக்கு இரண்டு வயது, இன்னும் உட்காரவே தடுமாறுகிறான். பெரிய டாக்டர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஊர் எது? வயல் இருக்கிறதா? "பொலம் உந்தா அம்மா?" இல்லை, டவுனில்தான் இருக்கிறோம் என்றாள். அடுத்து, "இன்ட்லோ எவரைனா மந்து கொடதாரா?" வீட்டில் யாராவது மந்து கொட்டுகிறார்களா?

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மந்து என்றால் சாராயம்; அதைக் கொட்டுவது என்றால் குடிப்பது. பக்கத்து வீட்டுப் பெண்கள் புருஷன்மாரைப் பற்றித் தினம் புலம்புகிற வார்த்தை அதுதானே. அவள் வீட்டில் மருந்து 'அடிப்பார்கள்', யாரும் 'கொட்ட' மாட்டார்கள். தலையை நிமிர்த்தி, தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் வெடுக்கென்று சொன்னாள். "மா இன்ட்லோ எவரூ முட்டுகோரு." எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதை ஒரு தமாஷாகச் சொன்னாள். "மாமா, வீட்ல யாராவது குடிப்பாங்களான்னு கேக்கறாரு அந்த டாக்டரு!" தண்டபாணிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகமாகச் சிரித்தார். முப்பது வருஷமாகத் தெலுங்கில் புழங்கிய மனுஷன். டாக்டர் கேட்ட அந்த வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் அவருக்கு உறைத்திருக்கும். அவள் மொழிபெயர்த்துத் தொலைத்தாள். பாவி, அவளேதான் கெடுத்தாள்.

நிகில் இப்படி ஆனதற்கு இந்த மருந்துதான் காரணம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்ட ஒரே டாக்டருக்கு அவள் பொய்யைச் சொல்லியிருக்கிறாள்.

"மாமா," என்றாள் நாராயணசாமியிடம். "நிகில் வயித்துல இருக்கும்போதும் அடிச்சாரா?"

"அடிக்காமயா? பதினஞ்சு நாளைக்கு ஒருதரம். பொறந்தப்புறம் தொட்டில் கட்டைல, மெத்தைக்கு அடில, எல்லாம். பேரன மூட்டப்பூச்சி கடிச்சா பொறுப்பானா அவன்?" நாராயணசாமியின் கண் மறுபடி கலங்கியது. "ருக்மிணி பிரசவத்துக்கு வர்றான்னதும் என்கிட்டதான் வந்து வாங்கிட்டுப் போனான். அந்த ரூம்பையும் பாத்துடறேன், எறும்பு அங்கிருந்துதான் வருதுபோல."

பம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைப் பக்கம் நடந்தார். சாவு வீட்டுக் கூடத்தில் பச்சைக் குழந்தை வேண்டாம் என்று ருக்மிணியின் மகள் மஹதியை அங்கேதான் பாயில் போட்டிருந்தார்கள்.

ஜலஜா எப்படி எழுந்தாள், எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"நக்கோ மாமா! உள்ள போகாதீங்க! கீழ வைங்க அத!"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாராயணசாமி ஒன்றும் புரியாமல் பம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "துக்கத்துல என்னவோ பேசுது, பாவம்," என்றாள் யாரோ ஒரு கிழவி.

வாசலில் பாடைக்கு மூங்கில் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சந்திரமோகன் ஓடிவந்தான். ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. இப்போது நான்கு முழ வேட்டியும் தோளில் துண்டுமாக ஆளே மாறியிருந்தான்.

"என்ன ஜலஜா இது? எல்லாரும் பாக்கறாங்க."

"அந்த மருந்து வேணாங்க."

"அப்பா அடிக்கறதுதானே? இத்தன வருஷமா நம்ம வீட்ல அடிச்சதுதானே?"

"அதான்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு, தாத்தாவின் தலைமாட்டில் இதழ் பிய்த்துக்கொண்டிருந்த நிகிலைப் பார்த்தான். ஜலஜாவுக்குச் சொல்லிவிட வாய்வரை வந்தது. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் அத்தையின் முன்னால், பெருவிரல் கட்டிக் கிடக்கும் அந்த மனுஷனை வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? பேரன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அந்தப் பாசத்தில்தான் செய்தார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

சந்திரமோகன் நாராயணசாமியின் கையிலிருந்த பம்பை மெதுவாக வாங்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

ஜலஜா உள்ளறைக்குப் போய் ஜன்னல் கதவுகளை அகலத் திறந்தாள். மஹதியைப் பாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவரின் அடிப்பக்கம் முழுக்க, ஒரு சாண் உயரத்துக்கு, காய்ந்த வெள்ளைத் திட்டுகள். விரலால் தொட்டுப் பார்த்தாள். மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அவசரமாகப் புடவையில் துடைத்து, பிறகு அந்தப் புடவை குழந்தைமேல் படாமல் ஒதுக்கிச் செருகிக்கொண்டாள்.

ருக்மிணி வீங்கிய கண்ணோடு வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"அப்பா இந்த ரூம எப்படி வெச்சிருந்தாரு தெரியுமா அண்ணி? ஏழாம் மாசத்துலேர்ந்து இங்கதான் கெடக்கறேன், ஒரு கொசு கடிச்சதில்ல."

"எத்தன நாளைக்கு ஒருதரம் அடிச்சாரு ருக்கு?"

"வாரா வாரம். ஏன் அண்ணி?"

நாளைக்குச் சொல்ல வேண்டும். காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட முடியாது, நாளைக்கே, இவளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போக வேண்டும். இந்தத் தடவை கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்ல வேண்டும்.

"நல்லவேள, இவ ரொம்ப சாது," என்று ருக்மிணி மகளின் பாதத்தைத் தடவினாள். "பக்கத்து வீட்டுக் கொழந்த கத்தித் தீக்குது. இவ அழறதே இல்ல."

மூன்று மணிக்கு மாமனாரின் தம்பி வந்துவிட்டார். கூடத்தில் ஓலம் கிளம்பியது. "தூக்கப்போறாங்க," என்று ருக்மிணி எழுந்து ஓடினாள். ஜலஜா குழந்தையோடு அங்கேயே இருந்தாள்.

பறையடிக்கும் டப்புக்காரர்கள் நாலு பேர் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நின்றிருந்தார்கள். பாடை வாசலைத் தாண்டியதும் நால்வரும் ஒரே நேரத்தில் ஓங்கி அடித்தார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஜலஜாவின் உடம்பு தூக்கிப்போட்டது. கூடத்தில் நிகில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான்.

மஹதி அவள் மடியில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். இமை அசையவில்லை, விரல்கள்கூடச் சுருங்கவில்லை. கண்கள் விட்டத்தில் ஏதோ ஓரிடத்தில் நிலைத்திருந்தன.

ஜலஜா குழந்தையின் முகத்தருகே குனிந்து, அவர்கள் இன்னொரு முறை அடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.