பால் பிடித்த வயல்

செழியனின் உடல் பூதலூருக்கு வந்தபோது பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியோடு நான்தான் வந்தேன். அவன் மனைவி எழில்மொழி என் தங்கை. பெட்டியின் மேல் கிடந்த கொடியை விலக்கிவிட்டு மூடியை நகத்தால் பிறாண்டினாள். "மொகத்த மட்டும் காட்டுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

முகம் முழுதாக இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் எதுவும் இல்லை. அந்த இடத்தில் மணல் மூட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். மூடியைத் தூக்கினால் அதுவும் தெரியும்.

"எப்படிண்ணே?" என்றாள்.

"சண்டையிலம்மா."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் இருப்பதை அவளிடம் நான் சொல்லியாக வேண்டும் என்பது அப்போதே தெரியும். மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

சத்தீஸ்கரின் தெற்குக் காட்டில் பத்துப் பேர் கொண்ட ஒரு துணை ராணுவப் பிரிவுக்கு நான் தலைவன். "அவர ஒங்கூடவே வச்சுக்கண்ணே" என்று எழில் அழுததால், எழுதிக் கேட்டு செழியனை என் பிரிவுக்கு மாற்றிக்கொண்டேன். அவனை உயிரோடு ஊருக்கு அனுப்புவது ஒன்றுதான் எனக்கு அவள் கொடுத்த வேலை.

அங்கே எங்களுக்கு முதல் பாடம், வழித்தடத்தில் நடக்காதே என்பது. ரோட்டில் நடக்காதே, ஒற்றையடிப் பாதையில் நடக்காதே, வரப்பில் கால் வைக்கவே வைக்காதே. மனிதன் எங்கே கால் வைப்பான் என்று பார்த்துத்தான் மாவோயிஸ்டுகள் கண்ணிவெடி புதைப்பார்கள். வயல் வந்தால் பயிருக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது இதை என் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்.

புரட்டாசி கடைசி. காலை எட்டு மணி இருக்கும். காட்டைத் தாண்டி ஒரு வயல்வெளிக்கு வந்தோம். அந்தப் பக்கம் இலுப்பை மரங்கள், அதற்கப்பால் எங்கள் முகாம். நடுவில் நாலைந்து வயல், அவற்றின் ஊடே அக்கரை வரைக்கும் ஒரு வரப்பு.

இறங்கப் போனபோது ஒரு கிழவர் வாய்க்காலிலிருந்து ஓடிவந்தார். இடுப்பில் ஒரு முழத்துணி, காலில் சேறு. அவர் பேசியது எங்களில் யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கதிரிலிருந்து மணியைக் கிள்ளி, கட்டைவிரலால் நசுக்கி, நகத்தில் வழிந்த வெள்ளைப் பாலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு எங்கள் பூட்ஸைக் காட்டிக் கும்பிட்டார்.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயல் வேலை செய்தவர்களின் பிள்ளை. எங்கள் ஆட்கள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் வயலில் இறங்குவார்கள். பால் பிடித்த பயிரில் ஆடு இறங்கினால்கூட ஊரே சண்டைக்குப் போகும். அந்தச் சமயத்தில் மிதிபட்ட கதிர் எழாது, அத்தனையும் பதர்.

"எறங்கிருவமா மச்சான்?" என்றான் செழியன்.

"வேணாம் மாப்ள. பால் புடிச்சிருக்கு. ஒரே ஒரு வரப்புதான். வெரசா தாண்டிருவோம்."

"துப்பாக்கிய குடுத்துட்டு கங்காணி வேலைக்குப் போயிரு மச்சான். நல்லா பாப்ப."

பின்னால் நின்ற ஜாஹித் சிரித்தான். நன்னிலத்துக்காரன், வயர்லெஸ் தூக்குகிறவன். "அண்ணன் ரிட்டயர் ஆனா நம்ம வயலுக்கு வரட்டும். எங்க வாப்பா ஆள்தான் தேடுறாங்க."

வரப்பில் முதலில் நான் ஏறினேன். எனக்குப் பின்னால் ஜாஹித், அவனுக்குப் பின்னால் செழியன். நான் வெடியின் மேல் கால் வைத்தேனா, ஒரு சாண் தள்ளி வைத்தேனா, தெரியாது. ஜாஹித்தும் தாண்டிவிட்டான்.

சத்தம் காதில் விழவில்லை. முதுகில் யாரோ பலகையால் அறைந்தது போலிருந்தது. முகம் சேற்றில் புதைந்தது. எழுந்து திரும்பினால் வரப்பில் ஆளுயரப் பள்ளம். செழியன் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். அவன் உட்கார்ந்திருக்கவில்லை. அவ்வளவுதான் மிச்சமிருந்தான். ஒரு கால் பூட்ஸோடு பயிருக்குள் கிடந்தது. அவன் இரண்டு கையாலும் மண்ணைத் துழாவி எதையோ தேடினான்.

"மச்சான், தண்ணி" என்றான். நான் தண்ணீர்ப் புட்டியைத் திறப்பதற்குள் இலுப்பை மரங்களிலிருந்து சுட ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் வயலுக்குள் விழுந்தோம். உருண்டோம், தவழ்ந்தோம், முழங்காலிட்டுச் சுட்டோம். ஜாஹித்தின் உள்ளங்கையில் ஒரு குண்டு பாய்ந்து விரல்கள் இரண்டு தோலில் தொங்கின. அவன் மற்ற கையால் வயர்லெஸ்ஸைப் பிடித்து ஆள் அனுப்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். இருபது நிமிடம். சுடுவது நின்றபோது அந்த வயலில் நிமிர்ந்து நின்ற ஒரு கதிர் இல்லை. சேறு சிவந்து கிடந்தது. செழியன் கண்ணைத் திறந்தபடி செத்திருந்தான். வாயில் நெல் தாள்.

கிழவர் வாய்க்காலில் குப்புறப் படுத்துப் பதுங்கியிருந்தார். ஒரு காயமும் இல்லை. நான் முடியைப் பிடித்து இழுத்து வரப்பில் போட்டேன். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தேன். பல் உடைகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தேன். அவர் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. அந்தக் கையிலும் அடித்தேன்.

"விடுண்ணே! கெழவன்ணே! செத்துருவான்ணே!" ஜாஹித் ரத்தக் கையோடு என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் விரல்கள் என் சட்டையில் ஒட்டியிருந்தன. அப்புறம்தான் நிறுத்தினேன்.

வெடி இருப்பது அந்த மனிதருக்குத் தெரியுமா, வயலுக்காக மட்டும்தான் கெஞ்சினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிழைத்தாரா என்றும் தெரியாது. விசாரணையில், பயிருக்குள் நடந்துபோகும்போது வெடித்தது என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மார்கழியில் லீவில் வந்தேன். வாய்க்கால் உடைப்பு அடைக்க வேண்டும் என்று எழில் மண்வெட்டியோடு வயலுக்குக் கூப்பிட்டாள். செழியன் இல்லாமல் அவளே ஆள் வைத்து நட்ட சம்பா. பனியில் தலை கவிழ ஆரம்பித்திருந்தது. அவள் வரப்பில் முன்னால் போனாள். நான் வாய்க்கால் தண்ணீருக்குள் நடந்தேன்.

"வரப்புல வாயேண்ணே. எதுக்கு தண்ணிக்குள்ள வர்ற?"

நான் ஏறவில்லை. தண்ணீருக்குள்ளேயே அடுத்த அடி வைத்தேன். அவள் நின்று, என் காலைப் பார்த்தாள். வரப்பைப் பார்த்தாள்.

"அவரு வரப்புலயா போனாரு?"

"ஆமா."

"அங்க வரப்புல போகக் கூடாதுன்னு அவருதான் எனக்கு போன்ல சொல்லுவாரே. பின்ன யாரு போவச் சொன்னா?"

"நான்தான். பயிரு பால் புடிச்சிருந்துச்சு எழிலு. எறங்க மனசு வரல."

அவள் அழவில்லை. மண்வெட்டியை வரப்பில் போட்டாள். செருப்போடு வயலுக்குள் இறங்கினாள். ஒவ்வொரு காலாக ஊன்றி, கதிரை மிதித்து அழுத்தி, அக்கரை வரைக்கும் நடந்தாள். நடுவில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து பிடுங்கி, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தாள். கடைசி வரப்பில் ஏறித் திரும்பினாள். கால் முழுக்கச் சேறு, சேலையில் பால் ஒட்டிய தாள்.

"இவ்வளவுதானண்ணே? இப்புடி நடந்துருந்தா வந்துருப்பாரா?"

"வந்துருப்பான்."

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் உடைப்பை அடைத்தேன். தை கடைசியில் அறுவடை இயந்திரம் வந்தபோது, அவள் நடந்த தடம் மட்டும் வயலுக்குக் குறுக்கே படுத்தே கிடந்தது. இயந்திரம் அதைத் தொடாமல் போயிற்று. அன்றைக்கு வரப்பில் கேட்டதற்குப் பிறகு எழில் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.