நடுவீட்டு இலை

பதினைந்தாம் நாள் பிற்பகல் எங்கள் நடுவீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், கங்கையா, ஆந்திராவில் விஜயபுரம் மண்டலத்தில் முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி சென்னம்மா. என் மகள் ரூபா. எங்கள் வகையறாவுக்கு மூத்தவரும் என் பெரியப்பா மகனுமான திருமலை அண்ணன். வெதுருகுப்பத்திலிருந்து வந்திருந்த என் மச்சான், சென்னம்மாவின் தம்பி புருஷோத்தமன். ஆறாவது ஆள் நகரியில் பவர்லூம் ஓட்டும் யோகேஷ். அவனை அன்றுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வேறு எவரும் அங்கே இல்லை. அன்று நடந்ததைப் பற்றி இப்போது வாய் கிழியப் பேசுகிறவர்களில் ஒருவரும் எங்கள் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அதனால்தான் பெயர்களை முதலில் எழுதி வைக்கிறேன்.

இறந்தவன் என் மகன் சந்திரசேகர். வயது இருபத்தேழு. திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில், பட்டப்பகலில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் அவனுடைய வண்டி மோதியது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் கருமாதிக்கு முந்தின சாயங்காலம் நடுவீட்டில் இலை போட்டு, செத்தவனுக்குப் படைப்போம். பங்காளிகள் அந்தச் சோற்றில் ஒரு கவளமாவது துன்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்தவன் ஆகிறான். வருடா வருடம் பொங்கலுக்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படைக்கலாம். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு இலை வாசற்படிக்கு வெளியே. பங்காளிகள் கை நனைக்க மாட்டார்கள். பெயரும் சொல்லப்படாது. எழுபத்தொன்றாம் வருடம் கிணற்றில் விழுந்த என் அத்தை பொன்னியம்மாளின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் இப்போது எழுதியதுதான் முதல் தடவை.

திருமலை அண்ணன் அன்று வந்தது, இலை உள்ளேயா வெளியேயா என்று சொல்வதற்கு.

"ஊரே பேசிக்கினு கீது, கங்கையா. நான் ஒண்ணும் புதுசா சொல்லல. பெங்களூர்ல கம்பெனி வேலைல கீறவன், புதன்கிழமை மத்தியானம் ரேணிகுண்டா ரோட்ல இன்னா பண்ணான்? லீவுன்ற. லீவுல வந்தவன் வூட்டுக்கு வராம எங்க போனான்? நின்ன லாரி. எதிர்ல வந்த லாரி இல்ல. எப்பப் பாரு போனும் கையுமா கேம் ஆடிக்கினு இருந்தான்றாங்க. காசு வுட்டுட்டான்றாங்க. நீ இல்லன்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன். ஆனா எதனால இல்லன்னு சொல்லணும்."

நான் இல்லை என்றேன். எதனால் என்று சொல்லவில்லை.

என் தகப்பனார் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி நெல் வாங்கியவர். எங்களுக்கு என்று ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. சர்க்கார் கொடுத்த இரண்டு ஏக்கர் பிறகு வந்தது. எங்கள் வகையறாவில் முதலில் காக்கிச் சட்டை போட்டவன் நான். என் மகன் முதலில் இன்ஜினியரிங் படித்தவன். அவன் பெங்களூர் கம்பெனியில் இருக்கிறான் என்று நான் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

யோகேஷ் வந்தது அந்த நேரத்தில்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சேகரு வூடு இதானா?" என்று கேட்டான்.

"நீ யாரு?" என்றார் அண்ணன்.

"நாங்க ஒண்ணா கேம் ஆடுவோம்ங்க. ரெண்டு வருஷமா. நேர்ல பார்த்ததில்ல."

"பார்த்தியா!" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கேமு. வூடு தேடி வந்திடுச்சி."

புருஷோத்தமன் ஒரு கட்சியில் இருபது வருடமாகக் கொடி பிடிப்பவன். யாரையும் பேச வைப்பதில் கெட்டிக்காரன். அவன்தான் யோகேஷுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான். "காசு கட்டி ஆடறதாப்பா அது?"

"காசா? அய்யய்யோ. துப்பாக்கி எடுத்துக்கினு ஓடணும், சுடணும், அவ்ளோதாங்க. நெட்டுக்குத்தான் காசு. நாலு பேரு ஒரு டீமு. நானு, சேகரு, சத்யவேடுல ஒருத்தன், புத்தலப்பட்டுல ஒருத்தன். எல்லாம் நம்ம மாதிரி ஆந்திராவுல கீற தமிழ்க்காரங்க. ஆடறத விட பேசறதுதான் ஜாஸ்தி. சேகரு எழுதவே மாட்டான், எல்லாம் வாய்ஸ்லதான் அனுப்புவான்." பையிலிருந்து போனை எடுத்தான். "அம்மாவுக்கு அவன் குரல் வேணும்னா இருக்கும்னுதான் எடுத்துக்கினு வந்தேன்."

சென்னம்மா அதுவரை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்டதும் வந்து தரையில் உட்கார்ந்தாள். பதினைந்து நாளில் அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

யோகேஷ் போனைத் தொட்டான். என் மகன் பேசினான்.

"புது மேப்பு வேஸ்ட்டுடா. ஒரு துப்பாக்கி எடுக்க பத்து நிமிஷம் ஓட வேண்டியதா கீது. அப்புறம் அங்க போனா இல்ல, நாளைக்கு வான்றான். நம்ம எம்.ஆர்.ஓ., தாசில்தார் ஆபீஸ் மாதிரி."

ரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது: "சென்னைக்குப் போனா நம்மள தெலுங்கன்னு கொல்ட்டின்றான். திருப்பதில தமிழன்னு அரவோடுன்றான். கேம்லதான்டா நிம்மதி, இந்தில திட்றான். ஒண்ணும் புரியல. அதனால கோவமே வரல."

அடுத்தது: "ஓட்டு கேக்க வரும்போது நம்ம தெருவுல தமிழ்ல பேசறான். ஜெயிச்சா தெலுங்கு. மந்திரி ஆனா எந்த பாஷையும் பேசறதில்ல. எங்க மாமா ஒருத்தர் கீறார், அவருகிட்ட கேட்டா, மந்திரி யோசிச்சிக்கினு கீறார்ன்னுவாரு."

"என்னத்தான்டா சொல்றான் தொங்க நா கொடுக்கு!" என்று தெலுங்கில் செல்லமாகத் திட்டினான் புருஷோத்தமன். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டவன் வெகுநேரம் எடுக்கவில்லை.

இப்படி ஏழெட்டு. சினிமா டிக்கெட் விலை, ரூம் ஓனர் தண்ணீர் விடாதது, வெயில், இட்லியில் சோடா மாவு. எல்லாவற்றைப் பற்றியும் அவனுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. வீட்டில் என் எதிரில் அவன் பேசியதெல்லாம் "சரி நைனா", "ஆவட்டும் நைனா", இவ்வளவுதான். இத்தனை பேச்சு அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு ஒன்று வந்தது.

"நாலாவது மாடிடா. லிஃப்ட் கீது. டெலிவரி ஆளுங்க ஏறக்கூடாதுன்னு போர்டு மாட்டிகிறான். பிரியாணி அவன் வூட்டுக்குள்ள போலாம், தூக்கினு போறவன் லிஃப்ட்ல போவக்கூடாது. ஒரு நாளைக்கு எத்தினி மாடி ஏறறேன் தெரியுமா? திருமல மலைக்கே ரெண்டு தபா நடந்திருப்பேன், புண்ணியமாவது வந்திருக்கும்."

"நிறுத்து" என்றேன்.

யோகேஷ் பயந்துபோய் போனை அணைத்தான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு எங்கள் வீட்டில் எது யாருக்குத் தெரியும் என்று தெரியாது.

திருமலை அண்ணன் மெதுவாகக் கேட்டார். "பெங்களூர் கம்பெனில இன்னாத்துக்கு பிரியாணி தூக்கறான்?"

"எவனாவது கூட்டாளிக்கு வாங்கிக்கினு போயிருப்பான்" என்றேன்.

"தினமுமா?"

ரூபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கெட்டவர் அல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று காத்திருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி கங்கையா. நீ எதையோ மறைக்கற. மறைக்கற எடத்துல நான் பங்காளிங்கள கூட்டியாந்து ஒக்கார வெக்க முடியாது. எலைய வெளிய போட்ரு."

சென்னம்மா எழுந்தாள். அடுப்படிக்குப் போய் நறுக்கி வைத்திருந்த தலைவாழை இலையை எடுத்து வந்தாள். என் முன்னால் நின்றாள். அப்புறம் வாசல் பக்கம் நடந்தாள். அவள் நடந்தது எனக்காக அல்ல. எங்கள் வீட்டுப் பெண்கள் மூத்தவர் சொல்லைத் தட்டுவதில்லை என்று நாற்பது வருடமாக நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யோகேஷ் எழுந்து நின்றான். "ஐயா, இன்னும் ஒண்ணு கீது. அன்னிக்கு அனுப்பினது. கடைசியா." எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான். "போடவா?"

அவனுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். இலை வெளியே போயிருக்கும். பெங்களூர் கம்பெனி இன்ஜினியர் என்ற பெயர் உள்ளே நின்றிருக்கும்.

"போடு" என்றேன்.

மழைச் சத்தம் கேட்டது. அதன் நடுவில் சேகர்.

"இன்னும் ஒரு டெலிவரிதான்டா, ரேணிகுண்டா ரோடு. மழை புட்சிகிச்சி. குடுத்துட்டு மூணு மணிக்கு வந்துட்றேன். என் எடத்துல வேற எவனையும் சேக்காதீங்க, ஆமா. நான் வராம ஆரம்பிச்சீங்க, அவ்ளோதான்."

சென்னம்மா வாசற்படியில் இலையோடு அப்படியே நின்றாள்.

"எத்தினி மணிக்கு வந்தது இது?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பத்துங்க. மூணு மணி வரைக்கும் அவன் எடத்த காலியாதான் வெச்சிருந்தோம். நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தோம்."

நான் பரணில் ஏறினேன். என் பழைய தபால் பையைக் கீழே இறக்கினேன். அதற்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையை எடுத்து நடுவீட்டில் வைத்தேன். முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தது. வலது தோளிலிருந்து கைவரை கிழிந்திருந்தது. சாப்பாடு வைக்கும் பெட்டிப் பையை மடித்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

பெங்களூர் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பென்ஷன் விஷயமாகத் திருப்பதிக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் எதிரில் இந்தச் சட்டையோடு, இந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான். "நைனா" என்று கூப்பிட்டான். அவன் பேச வாயெடுக்குமுன் நான் சொன்னேன்: "இந்தச் சட்டையோட ஊர்ப்பக்கம் வந்துடாத. நம்ம ஆளுங்க எவனும் உன்ன இப்படிப் பார்க்கக்கூடாது." "சரி நைனா" என்றான். "துன்னியா நைனா?" என்று கேட்டான். நகரி பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் எனக்குத்தான் வந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவனும் நான்தான். அவன் உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்திருந்த இந்தச் சட்டையையும் பையையும் நான் என் பைக்குள் வைத்தேன். எதிர்க்கடையில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்து, அதைப் போட்டுவிடச் சொன்னேன். மற்றவர்கள் வந்து பார்த்தபோது அவன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். அவன் அங்கே எதற்குப் போனான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நான் பரணில் போட்டேன். ஊர் பேசியது அதற்குப் பிறகுதான்.

புருஷோத்தமன்தான் கேட்டான். "மாமா, நீங்க முப்பது வருஷம் வூடு வூடா போயி குடுக்கல?"

"அது சர்க்கார் வேலை" என்றேன்.

சென்னம்மா ஒருநாளும் யாரையும் கூப்பிட்டு உதவி கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. வாசற்படியிலிருந்து திரும்பி வந்தாள். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். நடுவீட்டில் இலையைப் போட்டாள். செத்தவனுக்குப் படைக்கும்போது பக்கத்தில் புதுத்துணி வைப்பார்கள். நான் வாங்கி வைத்திருந்த வேட்டியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்தக் கிழிந்த சட்டையை மடித்து வைத்தாள். திருமலை அண்ணன் அதைத் தடுக்கவில்லை. சாயங்காலம் பங்காளிகள் பதினோரு பேரைக் கூட்டிவந்தார். முதல் கவளத்தை அவரே எடுத்தார். யோகேஷும் துன்னான்.

எனக்குச் சென்னம்மா சோறு போட்டாள். அன்று முதல் போடுகிறாள். என்னிடம் பேசுவதில்லை.

ஊரில் இன்னும் சொல்கிறார்கள்: சந்திரசேகர் பெங்களூரிலிருந்து ஓடிவந்தான், போன் விளையாட்டில் பணத்தைத் தோற்றான், வேண்டுமென்றே லாரியில் போய் மோதினான் என்று. மூன்றும் பொய். அந்த விளையாட்டில் பணம் கிடையாது. அவன் திருப்பதியில் எட்டு மாதமாக வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தான். புதன்கிழமை பிற்பகல் மழையில் வண்டி சறுக்கியது. பெங்களூரில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன் அல்ல, நான்.