காலி டாங்க்

என் வீட்டுக்காரர் மரியசெல்வம் பற்றவைத்த டாங்க் ஒழுகியதாக ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகுக்காரரும் சொன்னது கிடையாது. விசைப்படகுக்கு உள்ளே இருக்கும் டீசல் டாங்க்கைச் சொல்கிறேன். புதிதாகச் செய்வதும் அவர்தான், துருப்பிடித்ததைக் கழற்றி ஒட்டுப்போடுவதும் அவர்தான். அந்த நல்ல பெயரைச் சோற்றுக்கு மேலாக வைத்திருந்தார். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

எப்போதோ ஒரு துருத் துகள் தெறித்து அவருக்கு இடது கண் மங்கிப்போயிருந்தது. வலது கண்ணை வைத்துத்தான் எல்லா வேலையும். இதுவும் போனால் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் திட்டாத குறையாகச் சொல்லி அனுப்பினார். நானும் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிய வேலை என்றால் முகத்தை மறைக்கும் ஷீல்டை எடுப்பார். சின்ன வேலை என்றால் தலையை ஒருக்களித்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, பொட்டு அளவுக்கு ஒரு வெல்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், பொட்டு வைப்பதற்கு எதற்கு முக்காடு என்று கிண்டல் வேறு.

அந்தச் சமயம் கடலுக்குப் போன நம் ஆட்களை இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களை மீட்கச் சொல்லி வேலைநிறுத்தம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. ஐஸ் கம்பெனியே ஓய்ந்து கிடக்கும்போது வெல்டரை யார் தேடுவார்கள்? சும்மா இருந்தால் அவருக்குக் கை பரபரக்கும், என்னோடு சண்டைக்கு வருவார். அந்த நேரம் பார்த்து ரகுநாத் வந்து சேர்ந்தான்.

குன்றாண்டார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன், பெங்களூரில் வேலை. அவனுடைய பைக் ஆள் உயரத்துக்கு நின்றது. தார் ரோட்டிலும் ஓடுமாம், கல்லும் மண்ணுமான மலையிலும் ஏறுமாம். லடாக் போகப்போகிறானாம். அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கை விட்டால் அடுத்த பங்க் எங்கேயோ இருக்குமாம். அதனால் வண்டியில் இருக்கிற டாங்க் போதாது, பின்பக்க கேரியரில் இன்னொரு டாங்க் வைத்து, அதிலிருந்து முன் டாங்க்குக்குக் குழாய் இழுக்க வேண்டும் என்றான். புதுக்கோட்டையில் எந்த மெக்கானிக்கும் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். படகுக்கே டாங்க் செய்கிறவருக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று யாரோ இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அந்த மெக்கானிக்குகளுக்கு இருந்த பயம் எங்களுக்கும் இருந்திருக்கலாம்.

குறை சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் செய்தார். அட்டையை வெட்டி கேரியரில் வைத்து வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு எவர்சில்வர் தகட்டை மடக்கி, ஓரமெல்லாம் பற்றவைத்தார். கல்யாணப் பெண்ணை ஜோடிப்பது மாதிரி தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். மாட்டி முடித்ததும் ரகுநாத் அதில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கோட்டைப்பட்டினம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனான்.

திரும்பி வந்தபோது டாங்க்கின் அடியில் ஒரு மூலையில் ஈரம் இருந்தது. விரலை வைத்தால் நனையும், அவ்வளவுதான். பையன் தயங்கித் தயங்கித்தான் காட்டினான். பட்டறை வாசலில் ஐஸ் கம்பெனி ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ராக்கன் என்கிறவன், மரியசெல்வம் டாங்க்கும் ஒழுகுமா என்று கேட்டுச் சிரித்தான். அவன் வாயில் மண்ணைப் போட. என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது.

உடனே டாங்க்கைக் கழற்றினார். பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் கேனில் வடித்தார். உள்ளே துணியை விட்டுத் துடைத்தார். கவிழ்த்து வெயிலில் வைத்தார். டீசல் டாங்க்குக்கு அப்படித்தான் செய்வார்கள். இங்கே எரிகிற பீடியை டீசலில் போட்டால் பீடிதான் அணையும். அதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. காலி டாங்க்கைக் கண்டு பயப்பட வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

ரகுநாத்துக்கு மட்டும் என்னவோ உறுத்தியிருக்கிறது. "அண்ணே, பெட்ரோல் டாங்க்னா தண்ணிய ரொப்பிக்கிட்டுத்தான் பத்தவைக்கணும்னு சொல்லுவாங்களேண்ணே" என்றான்.

"தண்ணி இருந்தா சூடு ஏறாது தம்பி, வெல்டு பிடிக்காது. காலி டாங்க்ல என்னத்த இருக்கு?"

நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். டாங்க்கைப் பலகைமேல் கவிழ்த்து வைத்து, ஈரம் தெரிந்த மூலைக்கு முகத்தைக் கொண்டுபோயிருந்தார். ஷீல்டு ஆணியில் தொங்கியது. அதை எடுங்க என்றேன்.

"ஒரு பொட்டுதான், இன்னாசி" என்றார்.

பிறகு சத்தம்தான். டீ என் காலில் கொட்டியதுகூட வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். முகத்தை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். கையை எடுக்க விடவில்லை. நானும் எடுக்கவில்லை.

பெட்ரோலை வடித்துவிட்டாலும் அதன் ஆவி உள்ளேயே நிற்குமாம். வெயிலில் வைத்தது அதை இன்னும் கிளப்பிவிட்டதாம். நிறைந்த டாங்க்கை விடக் காலி டாங்க்தான் ஆளைக் கொல்லும் என்று தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து விளக்கினார். எல்லாம் முடிந்த பிறகு ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. ரகுநாத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். பாவம், அவன் ஒருவன்தான் தண்ணீரைச் சொன்னவன். அது தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. டாக்டர் அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. டாங்க் எங்கிட்டு விட்டது, வெல்டிலா தகட்டிலா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மறுநாளும் அதையே கேட்டார். வலி குறைந்த நேரமெல்லாம் அதுதான் பேச்சு. ராக்கன் சிரித்தது அவர் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுவரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். பட்டறையில் யாரும் தொடாமல் கிடந்தது. எடுத்துவந்து மடியில் வைத்தேன். கிழிந்த தகடு கையைக் கிழித்துவிடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டு அவிழ்த்த விரல்களால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். நாலு பக்கமும் சுற்றி வந்தார். மறுபடியும் ஒரு தரம் சுற்றினார். பிறகு நடுத்தகட்டில் வாய் பிளந்திருந்த இடத்துக்கு வந்து நின்றார். அந்தப் பக்கம்தான் அவர் முகம் இருந்தது.

"வெல்டு விடலை, இன்னாசி. தகடுதான் கிழிஞ்சிருக்கு. ஈரம் கசிஞ்ச மூலைகூட அப்படியே இருக்கு. ஒரு ஜாயிண்ட்டுகூட விடலை பாரு" என்றார். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பலகையைப் பார்த்திருந்த ஒரு ஜாயிண்ட் விட்டுக்கொடுத்திருந்தால், வெடித்த வேகம் மொத்தமும் பலகையோடு போயிருக்கும். ஒரே ஒரு வேலையை இந்த மனிதர் ஏனோதானோவென்று செய்திருந்தால், இன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருப்பார். அந்த டாங்க்கைப் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும்போல இருந்தது.

ராக்கனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிப் பக்கம் நடந்தேன்.