செவ்வாய்க்கிழமை ஓடிய ஒஸ்ரின்

ஓடாத கார்களைத் துடைப்பதற்கு ஒருவர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். மூன்றாம் நாள் அந்தத் துணி என் கையில் இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. குருநகரில் எங்கள் வீடு இடிந்து போயிருந்தது. கடலுக்குப் போகத் தடை என்பதால் என் மனுசன் வின்சன்ற் வலையும் இல்லை, வள்ளமும் இல்லை என்று சும்மா இருந்தார். சாவகச்சேரியில் கனகசபாபதி ஐயா தன் கார்க் காட்சிசாலைக்குப் பின்னால் ஓர் அறை தந்தார். அறைக்குப் பதிலாக நான் கார்களைத் துடைக்க வேண்டும், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும், பூட்டுத் திறப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

முன்பு புகையிலை உலர்த்திய கொட்டிலில் ஏழு கார்கள் நின்றன. எண்பத்திமூன்றுக் கலவரத்துக்கு முன்னர் கொழும்பிலிருந்து பழங்கார்ச் சங்கங்கள் வரிசை கட்டிக்கொண்டு வந்து பார்க்குமாம். இப்போது வருவது உள்ளூர்ச் சங்கம் ஒன்றுதான், அதுவும் வருசத்தில் இரண்டு தரம். எனக்கு அதுவே பெரிய வேடிக்கை. பெற்றோலை மறித்த பொருளாதாரத் தடையில் புதுக் கார் ஒன்றும் ஓடாது. ஏ-போர்ட்டி, மொறிஸ் மைனர் மாதிரிப் பழங்கார்கள்தான் மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டு ஓடின. பழங்காரில் வந்து இறங்கி, ரிக்கற் எடுத்துப் பழங்கார் பார்த்துவிட்டு, திரும்பவும் பழங்காரைத் தள்ளி ஸ்ராட் பண்ணிக்கொண்டு போவார்கள்.

ஏழிலும் ஐயாவின் உயிர் ஒன்றில்தான் இருந்தது. முப்பத்தெட்டாம் ஆண்டு ஒஸ்ரின் டென், கறுப்பு நிறம். அது அவருடைய மனைவி மகாதேவி அம்மாவின் சீதனக் கார். நான் ஒப்புவிக்க வேண்டிய வசனத்தை ஐயாவே எழுதித் தந்திருந்தார்: "இந்தக் கார் எழுபத்தோராம் ஆண்டிலிருந்து ஓரடிகூட அசையவில்லை. ஓடிய தூரம் முப்பத்தோராயிரத்து நானூற்றி இரண்டு மைல். மண்ணெண்ணெய் வாசமே அறியாத கார்." சங்கம் வரும்போதெல்லாம் செயலாளர் தியாகலிங்கம் மாஸ்டர் மீற்றரைப் பார்த்துத் தங்கள் கொப்பியில் அந்த இலக்கத்தைப் பதிவார். ஐயா பக்கத்தில் நின்று மாப்பிள்ளை மாதிரிச் சிரிப்பார்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுடன் வந்த ரீச்சர் ஒருத்தி நான் ஒப்புவிக்கும்போது இடையில் மறித்தா.

"அக்கா, நீங்கள் சொல்லுற கணக்குப் பிழை. உதிலை நானூற்றி எழுபத்திரண்டு எண்டெல்லோ கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். 31472. ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற எனக்கு அது கண்ணில் படவே இல்லை. வாய் பாடமாக்கியதைச் சொல்லச் சொல்லக் கண் வேலையை விட்டுவிட்டது. எனக்கு என்மேலேயே பத்திக்கொண்டு வந்தது. எழுபது மைல் ஓடியிருக்கிறது, திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. ஐயாவுக்குத் தெரிந்தால் கள்ளி என்ற பெயர்தான் எனக்கு, அறையும் போய்விடும். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சங்கம் வருகிறது. அதற்குள் கள்ளனைப் பிடிக்க வேண்டும்.

பயம் ஒரு பக்கம், ஆர்தான் இது என்கிற அரிப்பு ஒரு பக்கம். கார் களவெடுக்கிறவன் களவெடுத்துக்கொண்டு போகத்தானே வேண்டும்? இவன் கொண்டுபோய் ஓடிவிட்டு, தூசு தட்டி, அதே இடத்தில் திரும்ப நிறுத்துகிறான். இப்படி ஒரு கள்ளனை நான் கேள்விப்பட்டதே இல்லை. ரயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். காலையும் மாலையும் மீற்றரைப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், ஒன்றும் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை காட்சிசாலை பூட்டு. ஐயா சைக்கிளில் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுவார். ஏழு கார் வைத்திருக்கிற மனுசன் சைக்கிள்தான் உழக்குவார். நான் திறப்பை ஆணியில் மாட்டிவிட்டு அந்தோனியார் கோவிலுக்குப் போவேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே, அன்றும் கள்ளனைக் காட்டும் என்று அழுது மன்றாடிவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால் மீற்றரில் 31486. ரயர்க் கோடு அடியில் போயிருந்தது. பொனற்றில் கையை வைத்தேன், இன்னும் சூடு. நான் முழந்தாளில் நின்ற நேரம் பார்த்துத்தான் கார் போய் வந்திருக்கிறது.

பொனற்றைத் திறந்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்ப் புகை மணந்தது. ஆனால் காபுரேற்றரின் சின்னக் கிண்ணத்துக்குள் நின்றது பெற்றோல். பொனற்றை மெல்ல மூடிவிட்டு எங்கள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஏனென்றால் ஊரில் கார் ஓடுகிறவன் ஒருத்தனும் அப்படிச் செய்யமாட்டான். அவன் மண்ணெண்ணெயிலேயே நிப்பாட்டுவான்; காலையில் இரண்டு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி, கைபிடி போட்டுக் குத்தி, தூசணம் சொல்லி ஸ்ராட் பண்ணுவான். நிப்பாட்ட முன்னர் பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்தை நிரப்பி வைக்கிறவர்கள் கடற்காரர் மட்டும்தான். நடுக்கடலில் மெசின் திரும்ப ஸ்ராட் ஆகாவிட்டால் ஆள் தப்பாது. என் மனுசன் இருபது வருசம் கரையைத் தொட முன்னர் அதைத்தான் செய்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாய்ப் போயிற்று எனக்கு.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்னப்பா, எங்கை ஓடித் திரியிறியள் உந்தக் காரிலை? இருக்கிற ஒரு அறையையும் துலைக்கவோ?"

வின்சன்ற் பாயில் எழும்பி உட்கார்ந்தார். "எனக்குக் கார் ஓடத் தெரியுமே? சைக்கிளே நேரா ஓடத் தெரியாதெண்டு உனக்குத் தெரியாதோ?"

"அப்ப கிண்ணத்துக்கை பெற்றோல் எப்பிடி வந்தது?"

அவர் தலையைக் குனிந்தார். "நான் கைபிடி போட்டுக் குத்திக் குடுக்கிறனான். பெற்றோலுக்கு மாத்தி நிப்பாட்டவும் காட்டிக் குடுத்தனான். ஓடுறது அம்மா."

"எந்த அம்மா?"

"மகாதேவி அம்மாதான்."

நான் நம்பவில்லை. ஐம்பத்தொன்பது வயசு மனுசி, சத்தம் போட்டு ஒரு வார்த்தை கதைக்காதவ. நேரே குசினிக்குப் போய்க் கேட்டேன். அவ கருவாட்டைக் கழுவிக்கொண்டே சொன்னா:

"ஓம் நாயகி. நான்தான். அரியாலையிலை என்ரை தங்கச்சி இரத்தினம் பாரிசவாதத்திலை கிடக்கிறாள். பஸ்சும் இல்லை. ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ எண்டு இவரைக் கேட்டன். கார் ஓடினா இலக்கம் மாறிப்போமாம். சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன் எண்டார். ஏழு காரை வீட்டிலை வைச்சுக்கொண்டு நான் சைக்கிளிலை தொங்கிக்கொண்டு போறதோ?"

"எங்கை அம்மா கார் பழகினியள்?"

"ஈப்போவிலை. அப்பா மலாயா ரயில்வேயிலை இருந்தவர். பதினேழு வயசிலை பழக்கினவர்."

நான் சிரித்திருப்பேன், என் அறை அந்தரத்தில் தொங்காவிட்டால். "அம்மா, ஞாயிற்றுக்கிழமை சங்கம் வருது. கொப்பியிலை பழைய இலக்கம் கிடக்கு. பழி என்ரை தலையிலைதான் விடியும். வின்சன்ற் மீற்றரைக் கழட்டித் திருப்பிவிடுவார், ஓம் எண்டு சொல்லுங்கோ."

"வேண்டாம். அது நான் ஓடின ஓட்டம். ஏன் அழிக்கவேணும்? ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லுறன். அதுவரைக்கும் நீ வாய் திறவாதை."

வாய் திறக்கமாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொன்பது வருசம் மனுசனுக்கு முன்னால் வாய் திறக்காதவ ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பாவோ?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து காரில் சங்கத்தார் பதினொரு பேர் வந்தார்கள். கார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், விளக்கைத் தட்டினார்கள், ஒருவர் படுத்துக் கிடந்து அடியைப் பார்த்தார். ஒஸ்ரினின் பொனற்றைத் திறந்து மோந்து, கிண்ணத்தில் பெற்றோல்தான், மண்ணெண்ணெய் படாத கார் என்று வியந்தார்கள். கள்ளத்தனத்துக்குக் கிடைத்த பாராட்டைக் கேட்டுக்கொண்டு நான் மூலையில் நின்றேன். பிறகு மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீற்றரைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், மறுபடி மீற்றரைப் பார்த்தார்.

"கனகசபாபதி, எண்பத்திநாலு மைல் கூடியிருக்கு."

ஐயாவின் முகம் செத்துப் போயிற்று. ஒரு கணம் எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த கணம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"திறப்பு உன்னட்டைத்தானே. ஆருக்கடி காரைக் குடுத்தனி? கள்ளியைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறன். பொழுதுபட முன்னம் ரெண்டு பேரும் அறையை விட்டுப் போயிடவேணும்."

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குசினி வாசலைப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கையடித்துக் கொடுத்த வாக்கு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்தது. அப்போது அம்மா வந்தா. நல்ல சேலை உடுத்தி, கையில் பையுடன்.

"நாயகி ஒண்டும் செய்யேல்லை. காரை ஓடினது நான். ஆறு செவ்வாய், அரியாலைக்கு."

ஐயா சிரித்துவிட்டார். "உமக்குக் கார் ஓடத் தெரியுமே? பாவம் பாத்து உவளுக்காகப் பொய் சொல்லாதையும்."

அம்மா ஒஸ்ரினின் கதவைத் திறந்தா. ஏறி இருந்தா. "வின்சன்ற், குத்தும்" என்றா. முதல் குத்திலேயே ஒஸ்ரின் பிடித்துக்கொண்டது. நெருக்கி நிறுத்தியிருந்த ஐந்து காருக்கும் நடுவால், ஒரு சாண் இடைவெளியில், பின்பக்கமாகவே வாசல்வரை எடுத்துப் போய், திருப்பி, ரோட்டைப் பார்த்து நிறுத்தினா. தியாகலிங்கம் மாஸ்டர் தன்னை அறியாமல் கையைத் தட்டினார்.

ஐயா கார்க் கண்ணாடி ஓரம் போனார். "ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"கலியாணத்தண்டே கேட்டனான், ஒருக்கா நான் ஓடட்டோ எண்டு. பொம்பிளை ஓடினாச் சனம் சிரிக்கும் எண்டியள். பிறகு கேக்க எனக்கு மனம் வரேல்லை." அம்மா என்னைப் பார்த்தா. "நாயகி, முன்னுக்கு ஏறு. இவர் விரும்பினாப் பின்னுக்கு ஏறட்டும்."

ஏறினேன். ஐயாவும் ஏறினார். அரியாலை ரோட்டில் கைதடியைத் தாண்டினோம். அம்மா கியர் மாற்றும் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சுகமாக மாறியது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"மரியநாயகி, நான் உன்னைக் கள்ளி எண்டிட்டன். மனசிலை வைச்சிராதை."

"ஓம் ஐயா, சொன்னியள். பதினொரு பேருக்கு முன்னாலை சொன்னியள். இப்ப ஆருமில்லாத ரோட்டிலை சொல்லுறியள்." சொல்லி முடிய முன்னர் அழுதுவிட்டேன். வீடு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அம்மா காரை ஓரம் கட்டினா. முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பினா.

"இரத்தினம் கொஞ்ச நேரம் பொறுப்பாள்" என்றா.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் எட்டுப் பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். ஐயா இறங்கினார். சால்வையைச் சரி பண்ணினார். "மரியநாயகி என்ரை வீட்டிலை ஒரு ஊசிகூட எடுக்காதவள். நான் சொன்னது பிழை" என்றார், எல்லோருக்கும் கேட்க.

அம்மா உள்ளிருந்தபடியே தலையை எண்ணினா. "மூண்டு பேர் குறையினம்."

"அளவெட்டிக்காரர். முன்னமே வெளிக்கிட்டிட்டினம்" என்றார் மாஸ்டர்.

அம்மா ஐயாவைப் பார்த்தா. நான் இருந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. ஐயா வீட்டுக்குள் போனார். லாம்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்து, ஒஸ்ரினின் தாங்கி மூடியைத் தானே திறந்து, அந்த மூன்று பேரையும் தேடி அளவெட்டிக்குப் போய்வரப் போதும் அளவுக்கு ஊற்றினார்.