கழுத்தின் உள்பட்டி

இறந்துபோன தையல்காரரின் காலடியில் பூ வைக்க நீலச்சட்டைக்காரி குனிந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

சட்டைக் கழுத்து சற்று விலகி உள்பக்கம் தெரிந்தது. ஓரம் முழுக்க மெல்லிய வெள்ளைத் துணியில் பட்டி. கையால் போட்ட பொடித் தையல்.

அது அவர் கை. மனைவிக்குத் தோல் மெலிசு. புதுத்துணித் தையல் பட்டாலே கழுத்து சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் அவளுக்கென்று அவரே கண்டுபிடித்த வழி அது. சட்டையைக் கடையில் தைத்தாலும், பட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தைப்பார். "உனக்கு மட்டும்தான். ஊருக்கெல்லாம் இப்படித் தைச்சா நான் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்பார். முப்பத்தோரு வருஷமாக அதே பேச்சு.

உனக்கு மட்டும்தான்.

போன வருஷம் சில மத்தியானங்களில் கடைக்கதவு பாதி சாத்தியிருந்தது. ஒருநாள் அவள் டீ கொண்டுபோனாள். அவர் வாசலுக்கே வந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, அவசரத் தையல் என்று சொல்லித் திரும்பிவிட்டார். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் தோன்றியது. இந்தப் பெண் ஏன் யாரோடும் பேசவில்லை? ஏன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்? ஆண்டவனே, இன்றைக்கா எனக்கு இந்தப் புத்தி என்று மனதுக்குள் கும்பிட்டாள். புத்தி கேட்கவில்லை.

எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். சமையலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இது அவர் தைச்சதுதானே?"

நீலச்சட்டைக்காரி மறைக்கவில்லை. அவள் கை மட்டும் இடது மார்பின்மேல் போய் நின்றது.

"ஆபரேஷன்ல இந்தப் பக்கம் எடுத்துட்டாங்கக்கா. ஒன்பது மாசம் வாசப்படி தாண்டல. எந்தச் சட்டையும் சரியா நிக்கல, பட்ட இடமெல்லாம் எரிச்சல். அவர் அளவு டேப்பையே கையில எடுக்கல. பழைய சட்டை ஒண்ணு குடுங்கம்மா போதும்னார். உள்ள பஞ்சு வெச்சு, உறுத்தாம பட்டி போட்டுக் குடுத்தார்."

மனைவியின் கண் மறுபடி அந்தக் கழுத்துப் பட்டிக்குப் போனது.

"இவ்ளோ பதமா எப்படிங்க தைக்கிறீங்கன்னு கேட்டேன். முப்பது வருஷமா வீட்ல பழகினதுன்னார். வீட்டுக்காரிகிட்ட மட்டும் இதைச் சொல்லட்டுமான்னு கேட்டார்க்கா. நான்தான் யார்கிட்டயும் வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டேன்."

சொன்னால் சொன்னபடி நிற்கிற மனுஷன். மனைவி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். நின்றுபோன அழுகை இப்போது சத்தமில்லாமல் வந்தது. அந்தப் பெண் தயங்கித் தயங்கி அவள் முதுகில் கை வைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் எட்டிப் பார்த்தாள். ஊர்க்கதை ஒன்றையும் விடாதவள். அவள் கண் நீலச்சட்டையை மேலும் கீழும் அளந்தது.

"வண்டி வந்தாச்சு அண்ணி. இவங்க யாரு? கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன ரகசியம்?"

"நமக்கு வேண்டியவங்க. தலை சுத்துதுன்னாங்க, தண்ணி குடுக்கக் கூட்டிட்டு வந்தேன். நீ போ, வரேன்."

நாத்தனார் போன பிறகு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினாள். நீலச்சட்டைக்காரி வாங்கி மெதுவாகக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை, வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தும், தையல்காரரின் மனைவி கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.